மக்கர் செய்யும் அம்பாசடர்

பெங்களூரின் கிழக்குப் பக்கம் காக்ஸ் டவுன் இருக்கிறது. பெங்களூர் கிழக்கு ரயில் நிலையம் பக்கத்தில்தான். வெள்ளைக்காரர் காலத்தில் இது கன்டோன்மென்ட் பகுதி. 1949-இல்தான் கன்டோன்மென்டும் பழைய நகரமும் ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தன. பட்டாளத்து வேலைக்கும், ரயில் வேலைக்கும், கட்டட வேலைக்கும் வந்த தமிழர்கள் இந்தப் பக்கத்தில் குடியேறினார்கள். இன்றும் மார்க்கெட் தெருவில் தமிழ்ப் பேச்சு கேட்கும்.

இங்கே பழைய வீடுகள் சில இன்னும் இருக்கின்றன. வாசலில் பழைய கார்களும் நிற்கும். பியட், அம்பாசடர், மாருதி 800. இவை எல்லாம் இப்போது தயாராவதில்லை. பியட் குடும்பத்துப் பிரீமியர் பத்மினி 2001 வாக்கில் நின்றது. மாருதி 800 காரும் அம்பாசடரும் 2014-இல் நின்றன. ஆனாலும் ஓட்டுகிறவர்கள் ஓட்டுகிறார்கள். அந்தக் கார்களை நம்பி மெக்கானிக் கடைகளும் நடக்கின்றன.

அப்படி ஒரு கடையை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரை போட்ட சின்ன ஷெட். வயதான மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். ஓர் ஓட்டுநர் அம்பாசடரைக் கொண்டு வந்து நிறுத்துகிறார்.

"என்ன தம்பி, வண்டி இருமிக்கிட்டே வருது?"

"அதான் அண்ணே. சிக்னல்ல நின்னா ஆப் ஆயிடுது. மேம்பாலம் ஏறினா இழுவையே இல்லை. பெட்ரோல் வேற தண்ணி மாதிரி குடிக்குது."

"எப்ப இருந்து?"

"கார்புரேட்டர் மாத்தினதுல இருந்து. முன்னால எம்.பி.எப்.ஐ. இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டி போயிடுச்சு. புதுசு கிடைக்கலை. அதான் கார்புரேட்டர் போட்டோம். அப்புறம் மூணு கடையில காட்டியாச்சு. மூணு பேரும் ஸ்க்ரூவைத்தான் திருப்பினாங்க."

"திருப்பினா?"

"ரெண்டு நாள் நல்லா ஓடும். அப்புறம் பழையபடிதான்."

இந்த வண்டிக்கு என்ன நோய்? மேஸ்திரி எப்படிக் கண்டுபிடிப்பார்? அதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம். நீங்கள் ஓட்டுநராக இருக்கலாம். பட்டறையில் தொழில் பழகுகிறவராக இருக்கலாம். யார் ஆனாலும், இப்படிப்பட்ட வண்டியில் வீண் செலவும் உண்டு, தீ ஆபத்தும் உண்டு. அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கார்புரேட்டர் என்ன செய்கிறது?

பெட்ரோல் தானாக எரியாது. காற்று வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். 15 கிலோ காற்று எவ்வளவு இருக்கும்? 7 அடி நீளம், 7 அடி அகலம், 9 அடி உயரம் உள்ள ஓர் அறை நிறைய இருக்கும். அத்தனை காற்றோடு ஒரு கிலோ பெட்ரோலைக் கலக்க வேண்டும். கலக்குகிற கருவிதான் கார்புரேட்டர்.

கொசு மருந்து அடிக்கும் கைப் பம்பைப் பார்த்திருக்கிறீர்களா? கைப்பிடியைத் தள்ளினால் காற்று வேகமாகப் போகும். அந்த வேகத்தில், டப்பாவில் உள்ள மருந்து குழாய் வழியே மேலே ஏறும். புகைபோலத் தெறிக்கும். கார்புரேட்டரும் இப்படித்தான். எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. காற்று ஒரு குறுகிய கழுத்து வழியே வேகமாகப் போகிறது. அந்த வேகம் பெட்ரோலை இழுக்கிறது. பெட்ரோல் வரும் சின்னத் துளைக்கு ஜெட் என்று பெயர்.

கார்புரேட்டருக்குள் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. அதில் ஒரு மிதவை இருக்கும். மாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதக்கிறது அல்லவா? தண்ணீர் நிறைந்ததும் பந்து மேலே வந்து குழாயை அடைக்கிறது. இங்கேயும் அதே வேலைதான். பெட்ரோல் நிறைந்ததும் மிதவை எழும்பும். ஒரு ஊசி வால்வைத் தள்ளி வழியை அடைக்கும். இந்தத் தொட்டியை மறக்காதீர்கள். பின்னால் தேவைப்படும்.

எம்.பி.எப்.ஐ. வண்டியில் கார்புரேட்டர் கிடையாது. சென்சார்கள் காற்றையும் சூட்டையும் அளக்கும். கம்ப்யூட்டர் பெட்டி கணக்குப் போடும். அளந்த பெட்ரோலை இன்ஜெக்டர்கள் பீச்சும். பல வண்டிகளில் பிளக்கில் எப்போது பொறி விழ வேண்டும் என்றும் அதே பெட்டிதான் சொல்லும். எஞ்சின் நின்றால் பெட்ரோல் பம்பை நிறுத்துவதும் அதுதான்.

அந்தப் பெட்டியைக் கழற்றினால் இத்தனை வேலைகளும் ஆள் இல்லாமல் நிற்கும். கார்புரேட்டர் ஒரே ஒரு வேலையைத்தான் எடுத்துக்கொள்ளும். மற்றவற்றை யார் செய்வது? மாற்றிய வண்டி மக்கர் செய்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. மூன்று கடைக்காரர்களும் இதைக் கேட்கவில்லை.

முதலில் பிளக்கைப் பார்

மேஸ்திரி கார்புரேட்டர் பக்கமே போகவில்லை. எஞ்சின் ஆறும் வரை டீ குடித்தார். பிறகு நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தார். எது எந்த இடத்துப் பிளக் என்று சாக்பீசால் எண் போட்டார்.

பிளக்கின் முனை நாக்கு மாதிரி. வைத்தியர் நாக்கைப் பார்ப்பது போல இதைப் பார்க்க வேண்டும். செங்கல் பொடி போலப் பழுப்பாக இருந்தால் நல்லது. அடுப்புக் கரி போலக் காய்ந்த கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். மெக்கானிக்குகள் இதை 'ரிச்' என்பார்கள். வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். இது 'லீன்'. பெட்ரோலில் நனைந்திருந்தால் அந்த இடத்தில் பொறி விழவில்லை, அல்லது பெட்ரோல் வழிகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கார்புரேட்டரைத் திட்டிப் பயன் இல்லை. ரிங்கு தேய்ந்திருக்கும், அல்லது வால்வு சீல் போயிருக்கும்.

இந்த வண்டியில் என்ன இருந்தது தெரியுமா? மூன்று பிளக் கறுப்பு. ஒன்று மட்டும் வெளுப்பு.

"பாத்தியா தம்பி? மூணு பேருக்கு வயித்துப்போக்கு. ஒருத்தனுக்குப் பட்டினி. ஒரே ஸ்க்ரூவைத் திருப்பினா நாலு பேருக்கும் எப்படிச் சரியாகும்?"

பொறி சரியாக விழுகிறதா?

அடுத்தது மின்சாரம். பழைய மெக்கானிக்குகள் பலர் இதில் கண்டிப்பானவர்கள். கார்புரேட்டர் கோளாறு என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்குப் பொறியில்தான் கோளாறு என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுதான். இழுவை இருக்காது. வண்டி குலுங்கும். புகை வரும்.

பிளக் இடைவெளியைப் பாருங்கள். பழைய கார்கள் பலவற்றுக்கு 0.6 முதல் 0.8 மில்லி மீட்டர் இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் புத்தகத்தில் சரியான அளவு இருக்கும். வயர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாம் பார்க்க வேண்டும். மூடியில் மயிரிழை போல வெடிப்பு இருந்தாலும் மழைக்காலத்தில் பொறி அங்கேயே ஓடிவிடும்.

மாற்றிய வண்டியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது பொறி கொஞ்சம் முன்னதாக விழ வேண்டும். முன்பு கம்ப்யூட்டர் பெட்டி அதைப் பார்த்துக்கொண்டது. இப்போது அதற்கு வேறு டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும். அதற்குள் எடைக்கற்களும் ஸ்பிரிங்கும் இருக்கும். வேகம் ஏற ஏற அவை விரிந்து பொறியை முன்னால் தள்ளும். பக்கத்தில் ஒரு சின்ன வாக்குவம் குழாயும் கார்புரேட்டரிலிருந்து வரும். அந்தக் குழாயை மாட்டாமல் துணியால் அடைத்து வைத்திருக்கும் வண்டிகள் உண்டு. மேம்பாலத்தில் இழுவை வேண்டும் என்றால் முதலில் இந்த டைமிங் சரியாக வேண்டும்.

திருட்டுக் காற்று

வெளுத்த பிளக்குக்குக் காரணம் என்ன? எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. கார்புரேட்டர் வழியாக வராத காற்று அது. அதில் பெட்ரோல் இருக்காது.

மாற்றிய வண்டியில் இதற்கு இடம் நிறைய. கார்புரேட்டரை மேனிபோல்டில் உட்கார வைக்க நடுவில் ஒரு தகடு வைப்பார்கள். தகடு சமமாக இல்லாவிட்டால் பேக்கிங் சரியாக அழுந்தாது. சென்சார்களைக் கழற்றிய ஓட்டைகள் இருக்கும். இன்ஜெக்டர் இருந்த துளைகள் நான்கு இருக்கும். இவற்றை எல்லாம் சரியான அடைப்பான் போட்டு மூட வேண்டும். எம்-சீல் அப்பி மூடியிருந்தால் சூட்டிலும் அதிர்விலும் ஒருநாள் விட்டுப்போகும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயும் வெடித்திருக்கலாம். அது வெடித்திருந்தால் பிரேக்கும் கடினமாகும். உடனே மாற்றுங்கள்.

கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி? சிலர் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். அது வேண்டவே வேண்டாம். சூடான சைலன்சர் பைப் பக்கத்தில்தான் இருக்கிறது. இஸ்திரிக் கடையில் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் போதும். எஞ்சினை ஓட விடுங்கள். மூட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைப் பீச்சுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர், வயர் மேல் படக் கூடாது. சைலன்சர் பைப் மேலும் படக் கூடாது. கசியும் இடத்தில் தண்ணீர் பட்டால் எஞ்சின் சத்தம் மாறும்.

நம் மேஸ்திரியின் வண்டியில் நான்காவது இன்ஜெக்டர் துளையில் சத்தம் மாறியது. வெளுத்த பிளக்கும் நான்காவதுதான்.

பெட்ரோல் பம்பு: உயிர் போகும் இடம்

மூன்று பிளக் ஏன் கறுப்பாக இருந்தது? மேஸ்திரி ஏர் பில்டரைத் திறந்தார். எஞ்சினை நிறுத்தியபின் கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தார். சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் விழுந்துகொண்டிருந்தது.

"தம்பி, டேங்க்ல பழைய பம்பையேதான் வச்சிருக்காங்களா?"

"ஆமா அண்ணே. அது நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டாங்க."

"அது நல்லா இருக்கிறதுதான் வம்பு."

கார் டயரில் எத்தனை பவுண்டு காற்று அடிக்கிறோம்? ஏறக்குறைய 30 பவுண்டு. எம்.பி.எப்.ஐ. பம்பு அதைவிட அதிகமாக அழுத்தும். பல வண்டிகளில் 40 பவுண்டுக்கும் மேல். கார்புரேட்டருக்கு எத்தனை வேண்டும்? 3 அல்லது 4 பவுண்டு. அவ்வளவுதான்.

இப்போது மாடித் தொட்டியை நினைத்துப் பாருங்கள். பந்து வைத்த தொட்டிக்குள் தீயணைப்பு வண்டிக் குழாயை விட்டால் என்ன ஆகும்? பந்தால் தடுக்க முடியுமா? அதே கதைதான் இங்கே. ஊசி வால்வு தோற்றுப்போகும். பெட்ரோல் வழிந்து எஞ்சினுக்குள் போகும். பிளக் கறுக்கும். வண்டி நாறும். ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலும் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் தேயும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வெளியே வழிவதுதான். கார்புரேட்டருக்குக் கீழே சூடான பைப் இருக்கிறது. கார்புரேட்டர்க் குழாய்க்குப் போட்ட சாதாரண கிளிப் அந்த அழுத்தத்தில் கழன்று வரலாம். ஒரு பொறி போதும். பழைய கார்கள் சாலையில் எரிவதைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். பெட்ரோல் கசிவு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

என்ன செய்ய வேண்டும்? குறைந்த அழுத்தப் பம்பு போட வேண்டும். எஞ்சினில் மெக்கானிக்கல் பம்புக்கு இடம் இருந்தால் அது நல்லது. எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். மின்சாரப் பம்பு என்றால், எஞ்சின் நின்றதும் அதை நிறுத்தும் ரிலே கட்டாயம் வேண்டும். பம்பை நேராகச் சாவியோடு இணைத்துவிடுவது எளிது. ஆனால் விபத்தில் குழாய் அறுந்தால்? சாவி போட்டபடியே இருக்கும். பம்பு தரையில் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ரிலேவில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

இந்த வேலை செய்யும்போது பாட்டரி வயரைக் கழற்றி வையுங்கள். பீடி, சிகரெட் கூடாது. ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். வாயால் பெட்ரோலை உறிஞ்சி எடுப்பதும் வேண்டாம். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

ஒரு சின்ன வயர்

பம்பை மாற்றியாயிற்று. துளையை அடைத்தாயிற்று. ஆனாலும் சிக்னலில் வண்டி நின்றது. மேஸ்திரி சாவியைப் போடச் சொல்லிக் காதைக் கார்புரேட்டர் பக்கம் வைத்தார். "டிக்" சத்தம் கேட்கவில்லை.

1980-களுக்குப் பின் வந்த கார்புரேட்டர்கள் பலவற்றில் ஒரு சின்ன மின்சார வால்வு இருக்கும். சாவி போட்டால் "டிக்" என்று திறக்கும். ஐடிலிங்குக்கு வேண்டிய பெட்ரோல் அதன் வழியாகத்தான் வரும். வயர் மாட்டாவிட்டால் அது மூடியே இருக்கும். காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும். ஒரு வயர், ஒரு பியூஸ். அதோடு தீர்ந்தது.

ஊரும் பெட்ரோலும்

இங்கே பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. சென்னையைவிட இங்கே காற்று பத்தில் ஒரு பங்கு அளவுக்கு லேசானது. சென்னையில் சரியாக ஓடிய கார்புரேட்டரைக் கொண்டு வந்து மாட்டினால், இங்கே கொஞ்சம் 'ரிச்' ஆக ஓடும். எம்.பி.எப்.ஐ. இதைத் தானே சரி செய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்தப் புத்தி கிடையாது. ஜெட்டைத்தான் மாற்ற வேண்டும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. 2025-இல் நாடு முழுவதும் பரவியது. எத்தனால் எரியக் குறைந்த காற்று போதும். பழைய ஜெட்டில் இதை ஊற்றினால் கலவை 'லீன்' பக்கம் போகும். உயரம் ஒரு பக்கம் இழுக்கிறது. எத்தனால் மறு பக்கம் இழுக்கிறது. ஆகவே புத்தகத்தில் உள்ள ஜெட் எண்ணை மட்டும் நம்ப முடியாது. பிளக் நிறத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எத்தனால் பழைய ரப்பரையும் ஊற வைத்துக் கெடுக்கும். பழைய பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள். அது தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். வண்டியை மாதக் கணக்கில் நிறுத்தி வைத்தால் டேங்கின் அடியில் தண்ணீர் தங்கலாம். துரு பிடித்து ஜெட் அடைக்கும்.

கடைசியில் ஸ்க்ரூ

இப்போதுதான் மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓட விட்டார். பிறகு நிறுத்தினார். மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருப்பினார். அழுத்தி முறுக்கவில்லை. முறுக்கினால் ஊசி முனை கெடும். எத்தனை சுற்று உள்ளே போனது என்று எண்ணச் சொன்னார். ஓட்டுநர் ஒரு சீட்டில் எழுதினார்: நாலரைச் சுற்று.

"நாலரையா? மூணு பேரும் திருப்பித் திருப்பி எங்கேயோ கொண்டு போயிட்டாங்க."

பிறகு 2 சுற்று வெளியே எடுத்தார். எஞ்சினை ஓட விட்டு, கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினார். சத்தம் சீரான இடத்தில் நிறுத்தினார். ஷெட்டின் கதவைத் திறந்து வைத்துத்தான் இதைச் செய்தார். மூடிய அறையில் எஞ்சினை ஓட விடக் கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு வாடை இல்லை. மயக்கம் வருவதே தெரியாமல் ஆளைக் கொல்லும்.

புகைச் சீட்டைப் படியுங்கள்

வேலை முடிந்ததும் வண்டியைப் புகை சோதனை நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். அந்தச் சீட்டை வாங்கிப் பையில் போட்டுவிடாதீர்கள். அதில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று சி.ஓ. என்று இருக்கும். அது கார்பன் மோனாக்சைடு. மற்றது எச்.சி. அது எரியாமல் வந்த பெட்ரோல்.

சி.ஓ. அதிகம் என்றால் வண்டி 'ரிச்'. சி.ஓ. குறைந்து எச்.சி. மட்டும் அதிகம் என்றால், எங்கோ பொறி தவறுகிறது, அல்லது திருட்டுக் காற்று நுழைகிறது. போன தடவைச் சீட்டையும் இந்தத் தடவைச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டறைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு சி.ஓ. 3 சதவீதம் வரை இருக்கலாம். பாரத் ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு அரை சதவீதம்தான். இங்கேதான் மாற்றிய வண்டிக்குச் சிக்கல். எம்.பி.எப்.ஐ. உள்ள கார் என்று பதிவானால், பெரும்பாலும் அரை சதவீதக் கணக்கில்தான் வரும். கார்புரேட்டர் போட்டு அந்த அளவுக்குள் நிறுத்துவது கடினம்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றி அமைப்பது பற்றியது. கம்பெனி செய்து கொடுத்த அமைப்புக்கு மாறாக, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி மாற்றக் கூடாது என்கிறது. ஆகவே கார்புரேட்டர் போடும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது. கம்ப்யூட்டர் பெட்டியைப் பழுது பார்க்கும் கடைகளும் பெங்களூரில் உண்டு. ஜே.சி. ரோட்டுப் பக்கம் விசாரிக்கலாம். செலவு கூடலாம். ஆனால் மூன்று கடைக்குக் கொடுத்த கூலியையும், வீணான பெட்ரோலையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

"கழட்டின சாமானெல்லாம் எங்கே தம்பி?" என்று மேஸ்திரி கேட்டார்.

"வீட்டு மாடியில சாக்குல கட்டிக் கிடக்கு அண்ணே. பழைய இரும்புக்குப் போடலாம்னு இருந்தோம்."

"போடாதே. இன்ஜெக்டர் நாலும் இருக்கான்னு எண்ணிப் பாத்து ஒரு தாள்ல எழுதி வை. சென்சார் ஒண்ணொண்ணும் எந்த இடத்துலேர்ந்து வந்ததுன்னும் எழுது. நாளைக்கு அந்தச் சாக்கைக் கொண்டு வா, பாக்கலாம்."